தர்ப்பையில் செய்த உடம்பு

அத்தியாயம் 9

மதுவந்தி டீக்கடை வாசலில் நின்று, "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. உங்க சந்துல தண்ணி வடியும்ங்கறதுல நம்பிக்கை உண்டு" என்று சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதை யாரோ கைப்பேசியில் பிடித்தார்கள். பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியை மட்டும் வார்டு முழுக்க அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அதன் பலன் எங்கள் கதவுக்கடியில் வந்து கிடந்தது.

மஞ்சள் தாள். வங்காளத்தில் அச்சடித்திருந்தது. முப்பத்தாறு வருஷம் கல்கத்தாவில் குடித்தனம் செய்தவளுக்கு அதைப் படிக்க யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை.

'பெற்ற தகப்பன் சிதைக்கு நெருப்பு வைக்காதவள், உங்கள் வீதிக்கு விளக்கு வைப்பாளா?'

மேலே மதுவந்தியின் படம். கீழே அவளுடைய தேர்தல் சின்னமான மேசை விளக்கு, அதன் மேல் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி. அச்சடித்தவர் பெயர் எங்கும் இல்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு வரி. என் கணவர் சிவராமகிருஷ்ணன் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட் மாதம், லேக் கார்டன்ஸில் எங்கள் சந்தில் தொடை வரை மழைத் தண்ணீர் நின்ற ஒரு மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் சந்து முனைக்கு வந்தது. உள்ளே வர முடியவில்லை. நாற்பது நிமிஷம் அது அங்கே நின்றது, இவர் இங்கே கிடந்தார். கடைசியில் கீழ் வீட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். பாதிச் சந்தில் அவர் தலை ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

இருபது வருஷத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்திருந்தபடி, அவர் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். சடங்கு எதுவும் கூடாது என்றும் எழுதியிருந்தார். எங்கள் ஒரே பெண் மதுவந்தி சிவில் இன்ஜினீயர். அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள்.

அவள் என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பேப்பர் நன்னாருக்கு, இல்ல? என்னோட நோட்டீஸ் பேப்பரைவிட தடிமன்."

"விளையாடாதேடி."

"விளையாடலைம்மா. கோவத்தைச் சேர்த்து வெச்சிண்டிருக்கேன். இன்னிக்குப் பதினோரு மணிக்கு உங்க தமிழ் மன்றத்துல வேணும்."

தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜைக் காலுக்கடியில் வைத்தாள். மேஜை நின்றது.

காளிகாட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் தமிழ் மன்றம். வார்டில் தமிழர்கள் ஓட்டு நானூறு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேட்பாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. போன ஞாயிறு, ஐந்து வருஷமாகக் கவுன்சிலராக இருப்பவர் வந்தார். மன்றத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சாக்கடையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் கேட்கவில்லை.

"அப்பா காரியத்தைப் பத்திக் கேட்டா என்ன சொல்லப் போறே?"

"உள்ளதை. அப்பா எழுதிக் கொடுத்தார், நாம கொடுத்துட்டோம். ஒரு சடங்கும் பண்ணலை. முடிஞ்சுது."

"ஒண்ணுமே பண்ணலைன்னு அடிச்சுச் சொல்லணுமா?"

"பண்ணலையேம்மா. பண்ணாததைப் பண்ணினேன்னா சொல்லச் சொல்றே?" செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "தேக்கோ, இங்கே பாரு, எங்கிட்ட பணம் கிடையாது, கட்சி கிடையாது, சாமியும் கிடையாது. பொய் சொல்ல மாட்டான்னு ஒரு பேர்தான் இருக்கு. அதையும் விட்டா நான் எதை வெச்சிண்டு நிக்கறது?"

நான் ஃபில்டரில் பொடியை அழுத்துகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் வடிகால் வரைபடங்கள் இருக்கும் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாள். கூட்டத்துக்கு முன்னால் இரண்டு சந்து நடந்து ஓட்டுக் கேட்க வேண்டும்.

அவள் போய்க் கால்மணி ஆகவில்லை, சுந்தர் வந்தான்.

சுந்தர் என் கணவரின் அண்ணா பிள்ளை. ரயில்வேயில் இன்ஜினீயர், சாந்த்ராகாச்சி யார்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். டிசம்பர் குளிருக்குக் குரங்குக் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான். கழற்றும்போதே சிரித்தான்.

"சித்தி, இந்த மஞ்சள் நோட்டீஸ் எங்காத்து வரைக்கும் வந்துடுத்து. வாட்ஸப்ல. கவலைப்படாதேங்கோ, அவா வாயை அடைச்சாச்சு."

"யார் வாயை?"

"எல்லார் வாயையும்." கைப்பேசியை நீட்டினான்.

படத்தில் ஏரிக்கரை. அவன் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஏரி. ஈர வேஷ்டியோடு சுந்தர் முழங்காலிட்டிருக்கிறான். எதிரே சடங்கு செய்துவைக்கும் வாத்தியார். நடுவில் தீ. தீயின் ஓரத்தில், புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நான்.

இதைப் பற்றி இதுவரை எந்த அத்தியாயத்திலும் நான் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. இப்போது வேறு வழியில்லை.

அவர் போன மூன்றாவது வாரத்தில் எனக்குத் தூக்கம் நின்றுபோயிற்று. கண்ணை மூடினால் அந்த நாற்காலி வந்தது. வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். உடம்பு கிடைக்காதவர்களுக்கு வழி இருக்கிறது, தர்ப்பையில் ஓர் உடம்பு செய்து அதற்குத் தீ வைக்கலாம் என்றார். எலும்புக்கு முந்நூற்று அறுபது புரச இலைக்காம்பு, அதன் மேல் தர்ப்பை, தலைக்கு ஒரு தேங்காய்.

தேங்காயை நான்தான் வாங்கினேன். லேக் மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்குகிற கடை. "சட்னிக்கா மாமி, பூஜைக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். சட்னிக்குப் பார்ப்பது போலவே பார்த்தேன். வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியம் செய்கிற கர்த்தாவாகச் சுந்தர் உட்கார்ந்தான். பெண்கள் வரக்கூடாது என்றார் வாத்தியார். வந்தேன். மதுவந்தியிடம் சொல்லவில்லை. சடங்கு கூடாது என்று அவர் எழுதிய காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அதை எப்படிச் சொல்வது?

"இந்தப் படத்தை யாருடா எடுத்தா?"

"எங்காத்துக்காரி அகிலாதான், தள்ளி நின்னு எடுத்தா. அமெரிக்காவுல இருக்கற அண்ணாவுக்கு அனுப்பணுமே, சாஸ்திரப்படி நடந்ததுன்னு. இல்லேன்னா அவன் நாள் பூரா என்னைப் பிடுங்கி எடுப்பான்."

"இப்ப எதுக்கு இதை வெளியில எடுத்தே?"

"மது ஜெயிக்க வேண்டாமா? மன்றத்துச் செக்ரெட்டரிக்கு அனுப்பிட்டேன். சுரேஷ்குமாருக்கு."

நீட்டிய கைப்பேசியை அவன் பக்கமே தள்ளினேன்.

"யாரைக் கேட்டுடா அனுப்பினே?"

"சித்தி..."

"யாரைக் கேட்டே? உங்க சித்தப்பா என்ன கோவில் உற்சவமா, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பறதுக்கு?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"வாயை மூடு. இந்த நல்லதுக்குங்கற வார்த்தையை எங்காத்துல சொல்லாதே. மதுவுக்கு இது தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் முகம் வெளிறியது. நிஜமாகவே மறந்திருந்தான். மறதி என்றும் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் நான் எப்படியும் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான். எந்த அம்மாவும் சொல்லியிருப்பாள்.

"டிலீட் பண்ணிடறேன், சித்தி."

"உன் போன்ல பண்ணுவே. அவர் போன்ல?"

சுந்தர் குல்லாயைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேல் வந்தது. அதைத் தூக்கி அவன் மேலேயே போட்டேன். "போடா, போய் ஆட்டோ கூப்பிடு" என்று கத்தினேன்.

அவன் படி இறங்கிய சத்தம் கேட்டதும் மதுவந்திக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தாள். பின்னால் யாரோ வங்காளத்தில் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லும்மா."

சொல்லியிருக்க வேண்டும்.

"டிபன் சாப்டியா?" என்று கேட்டேன்.

"தூர், போம்மா! இதுக்கா போன் பண்ணினே? சாப்டேன், சாப்டேன்." வைத்துவிட்டாள்.

மன்றத்து வாசலில் சுரேஷ்குமார் நின்றிருந்தார். பெரிய சமையல் கான்ட்ராக்டர். கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு இலையாகக் குனிந்து விசாரிப்பது போலவே எல்லோரையும் குனிந்து விசாரிப்பார்.

"வாங்க மாமி. படம் பாத்தேன். மனசு நிறைஞ்சு போச்சு."

"அதை அழிச்சுடுங்கோ."

"அழிக்கறதா? மாமி, நானூறு ஓட்டு அது. பொண்ணு மேடையில 'நடக்க வேண்டியது நடந்துது'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"அவளுக்கு இந்த விஷயமே தெரியாது."

அவர் குனிந்த நிலையிலேயே ஒரு நொடி நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது அது வேறு முகமாக இருந்தது.

"தெரியாதா?"

"தெரியாது. இது நான் பண்ணினது. கெஞ்சிக் கேட்டுக்கறேன், வேண்டாம்."

"உங்க நல்லதுக்குத்தான் மாமி யோசிக்கறேன்" என்றார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே அறுபது, எழுபது பேர். மேடையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பிள்ளையார். மதுவந்தி வேர்த்த முகத்தோடு வந்து மேடை ஏறினாள். பிள்ளையாருக்கு முன்னால் நிற்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அப்படியே தாண்டிப் போய் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள். முன்வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டியது எனக்குக் கேட்டது.

பத்து நிமிஷம் பேசினாள். எந்த இடத்தில் குழாய் குறுகுகிறது, எந்த பம்ப் ஓடாமல் நிற்கிறது, எத்தனை நாளில் சரி செய்யலாம். நன்றாகத்தான் பேசினாள். யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் வீரபாண்டியன். காளிகாட் கோவில் சந்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர். மதுவந்தியைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"தாயி, நான் படிக்காதவன். குதர்க்கமா கேக்கலை, மனசுல பட்டதைக் கேக்கறேன். நான் கடை திறக்கறப்ப காளிக்குக் கற்பூரம் ஏத்தறேன். முந்தாநாள் மாவை இன்னைக்கு ஊத்தினா அவ கேப்பான்னு ஒரு பயம் இருக்கு. உனக்கு யாருகிட்ட பயம்?"

"உங்ககிட்டதான் அங்கிள். அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி உங்க முன்னாடிதானே வந்து நிக்கணும்?"

சிரித்தார்கள். வீரபாண்டியன் சிரிக்கவில்லை.

"அஞ்சு வருஷம் தள்ளி இருக்கற பயம் பத்தாது தாயி. அவ தினமும் பாத்துட்டு இருக்கா."

கை தட்டல் பலமாக விழுந்தது. எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நான் தினமும் விளக்கேற்றுகிறவள். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

மதுவந்தி கைதட்டல் அடங்கும்வரை நின்றாள்.

"சரி அங்கிள். போன வாரம் இதே இடத்துல ஒருத்தர் வந்து தேங்காய் உடைச்சார். அவரையும் காளி தினமும் பாத்துண்டுதானே இருந்தா? அவருக்கும் பயம் இருந்திருக்கும், இல்லையா? அப்புறம் ஏன் எங்க சந்துல..." தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

வீரபாண்டியன் உட்கார்ந்தார்.

பிறகு பள்ளி ஆசிரியை அனுராதா எழுந்து கேட்டாள். "நீங்க ஜெயிச்சா நம்ம நவராத்திரிப் பந்தலுக்குப் பர்மிஷன் குடுப்பீங்களா? நம்பிக்கை இல்லாதவங்க குடுக்க மாட்டாங்கன்னு பேசிக்கறாங்க."

"ரூலுக்குள்ள இருந்தா குடுப்பேன். பக்கத்துத் தெருவுல ஈத் தொழுகைக்குக் கேட்டாலும் அப்படித்தான். எந்தச் சாமியையும் கும்பிடாததுல ஒரு சௌகரியம் இருக்கு, எந்தச் சாமிக்காரரும் எனக்குச் சொந்தம் இல்லை."

அனுராதா தலையாட்டினாள். பின்னால் ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஈத் என்ற வார்த்தைக்குத்தான் முணுமுணுப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

சுரேஷ்குமார் மேடைக்கு வந்தார். கையில் மஞ்சள் தாள்.

"இதை நாங்க கேக்கலை. ஊர் கேக்குது. நேரடியாவே கேட்டுடறேன். அப்பாவுக்குக் கொள்ளி போட்டுக் காரியம் பண்ணீங்களா, இல்லையா?"

நான் மூன்றாவது வரிசையில், அதே நாற்காலியில் இருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தைரியம் சொல்வதற்காக, லேசாகச் சிரித்துப் பார்த்தாள்.

"இல்லை. எங்க அப்பா எதையும் பண்ணக்கூடாதுன்னு எழுதி வெச்சார். நாங்க எதையும் பண்ணலை. ஒரு மந்திரம்கூட இல்லை. இதுக்காக எனக்கு ஓட்டுப் போட வேண்டாம்னு தோணித்துன்னா போடாதீங்க. ஆனா நான் பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது."

"அப்படியா?" என்றார் சுரேஷ்குமார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, முன்வரிசையில் இருந்தவர் கையில் கொடுத்தார். "அப்போ இது என்னன்னு எல்லாரும் பாத்துச் சொல்லட்டும். நான் இதை உங்களுக்கு உதவியாத்தான் வெச்சிருந்தேன். நீங்களே இல்லைங்கறப்ப, நான் என்ன பண்றது?"

கைப்பேசி கை மாறியது. ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து, முதலில் மேடையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. என் கணவரின் தீ அந்த வரிசையில் கை கையாகப் போய்க்கொண்டிருந்தது.

எப்போது எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"அதைக் குடுங்கோ இங்கே!"

"மாமி, உக்காருங்க, பேசிக்கலாம்..."

"உக்கார மாட்டேன். போன வாரம் உக்காந்தது போறும்." "அது நான் பண்ணினது. அவளுக்குத் தெரியாம பண்ணினது. எங்காத்துக்காரருக்குக் குடுத்த வாக்கைத் திருட்டுத்தனமா மீறிப் பண்ணினது. பொய்க்காரி நான். அவ சொன்னது அத்தனையும் அவளுக்குத் தெரிஞ்ச நிஜம்."

மதுவந்தி மேடையில் அசையாமல் நின்றாள். அவள் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சுரேஷ்குமாரையே பார்த்தேன்.

"நான் நம்பறவ. விளக்கேத்தறவ. அதுக்காக நான் நல்லவளாயிட்டேனா? பாத்துக்கோங்கோ, பெத்த பொண்ணையே ஏமாத்தியிருக்கேன். ஓட்டு மிஷின்ல என் பேர் இருந்தா என்னைக் கேளுங்கோ, உனக்குச் சாமி உண்டான்னு. நான் நிக்கலை. அவ நிக்கறா. அவளைத் தண்ணியைப் பத்திக் கேளுங்கோ."

"மாமி, நாங்க தப்பா..."

"நாப்பது நிமிஷம் ஓய்! அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் சாமி கும்பிடறவன்தான். கண்ணாடிக்குப் பக்கத்துல காளி படம், செம்பருத்தி மாலை, எல்லாம் வெச்சிருந்தான். நான் பாத்தேன். இறங்கி நின்னு அழுதான் அந்தப் பிள்ளை. தண்ணி வடிஞ்சுதா? எங்காத்துக்காரர் நெருப்பு இல்லாம போகலை. சாக்கடை இல்லாம போனார். அதை ஒருத்தராவது இந்த ஹால்ல கேட்டேளா? சிதையில நெருப்பு வெச்சேளாங்கறேளே, உடம்புல பிராணன் இருந்தப்போ யாரு வந்தா?"

மின்விசிறி ஓடாத குளிர்கால ஹால். ஒருவர் இருமினார்.

கைப்பேசி அப்போது வீரபாண்டியன் கையில் இருந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையால் மூடியபடி எழுந்து போய், மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"சாவு வீட்டுப் படம்யா இது" என்றார் சுரேஷ்குமாரிடம். "பந்தியில பரிமாறுற மாதிரி பரிமாறறே."

ஓட்டு யாருக்கு என்று சொல்லவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். எதற்காகப் போனார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆட்டோவில் மதுவந்தி தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுந்தர் முன்சீட்டில் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் சந்து முனையில் இறக்கிவிட்டு, அதே ஆட்டோவில் போய்விட்டான்.

ஆம்புலன்ஸ் நின்ற இடம் அது. அங்கே அவள் ஒரு நிமிஷம் நின்றாள். நானும் நின்றேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சாட்சிக் கையெழுத்து உன்னோடது."

"ஆமாம்."

"அப்பா அறுபத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார் நம்மகிட்ட. காப்பிகூட அவரே போட்டுப்பார். ஒண்ணே ஒண்ணு."

"எனக்குத் தூக்கம் வரலைடி."

"எனக்கு வந்துதா?" கத்திவிட்டாள். "எனக்கு வந்துதாம்மா? நான் குழாய் படம் வரைஞ்சேன். நீ தேங்காய்க்குத் தீ வெச்சே. சரி, அதுகூடப் பரவாயில்லை. அது உன் துக்கம். நான் யாரு வேண்டாம்னு சொல்ல? கேட்டிருந்தா நானே உன்னைக் கூட்டிண்டு போயிருப்பேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"போயிருப்பியா?"

"கரையில நின்னிருப்பேன். உன் கையைப் பிடிச்சிண்டு. நம்பணும்னு அவசியம் இல்லையே, நிக்கறதுக்கு." கண்ணைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். "ஆனா காலைல போன் பண்ணி டிபன் சாப்டியான்னு கேட்டே பாரு, அதை நான் மறக்க மாட்டேன். ஊரே தெரிஞ்சிண்டு உக்காந்திருந்தது. நான் ஒருத்திதான் முட்டாள் மாதிரி நிஜம் பேசிண்டு நின்னேன்."

மேஜைக் காலுக்கடியில் மஞ்சள் தாளின் ஓரம் தெரிந்தது.

அவள் கைப்பேசி அடித்தது. பார்த்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. திரையை என் பக்கம் காட்டினாள். ஏரிக்கரைப் படம் வெளியே போய்விட்டது. கீழே வங்காளத்தில் புதிதாக ஒரு வரி: 'நாத்திக வேட்பாளர் வீட்டு ரகசிய ஹோமம். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று.'

"நாலு மணிக்கு ரயில் லைன் பக்கம் மீட்டிங்" என்றாள். "இதைத்தான் கேப்பா."

"நானும் வரேன். அங்கேயும் சொல்றேன்."

"வேண்டாம்." ஏதோ யோசித்தாள். அவள் அப்பா கணக்கு யோசிக்கும்போது பார்ப்பது போல, தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து யோசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சாம்பல் எங்கே?"

"என்னது?"

"எரிச்சா சாம்பல் இருக்கும். கங்கையில விட்டியா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அன்றைக்குச் சொன்னவையும் சொல்லாமல் விட்டவையும் போதும் என்று தோன்றியது.

"விடலை. நானே விடறேன்னு வாத்தியார்கிட்ட வாங்கிண்டு வந்தேன். படித்துறை வரைக்கும் ரெண்டு தடவை போனேன். முடியலை." பரண் பக்கம் பார்த்தேன். "வெறும் புல்லு, தேங்காய். எனக்குத் தெரியும். ஆனா மது, அதைத் தவிர அவரோடதுன்னு எங்கிட்ட வேற எதுவும் இல்லைடி."

"எங்கே வெச்சிருக்கே?"

பரணைக் காட்டினேன். அவளுடைய நோட்டீஸ் கட்டுகளுக்குப் பின்னால். மூன்று மாதமாக அவள் தினமும் கை நீட்டி நோட்டீஸ் எடுக்கும் இடம்.

முக்காலியைப் போட்டு ஏறினாள். கட்டுகளை நகர்த்தினாள். என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூடியைத் திறக்கவில்லை. எடை பார்ப்பது போல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு துணிப்பையிலிருந்த வரைபடங்களை ஒதுக்கி, நடுவில் அதை நிமிர்த்தி வைத்தாள்.

"எங்கேடி எடுத்துண்டு போறே?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். காலையில் போட்ட அதே தோள்.

"மது, எங்கேன்னு சொல்லிட்டுப் போ."

"டிபன் சாப்டும்மா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.